கீரி கேட்ட குட்டைகள்

எந்தக் குட்டையில் தண்ணீர் குடித்த குஞ்சுகள் நோயில் விழுந்தன என்று ஏரிக்கரை நாரைகள் பல வருடங்களாகக் கவனித்து வந்தன. அதையெல்லாம் நினைவில் வைத்திருந்தது ஒரு பெண் நாரை. ஒருநாள் அதைத் தேடி வெளியூர்க் கீரி ஒன்று வந்தது.

"என் குட்டிங்கள்ல ரெண்டு குட்டைத் தண்ணி குடிச்சு செத்துப் போச்சுக்கா. இன்னும் ஒண்ணுதான் மிச்சம். நீங்க பார்த்ததை எனக்கும் சொல்லுங்க."

கீரிக்கு முட்டையும் குஞ்சும் என்றால் உயிராயிற்றே! ஆனாலும் நாரைக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

"குட்டைகளை மட்டும் சொல்றேன். கூடு எங்கேன்னு கேட்கக் கூடாது. கண்டுபிடிச்சதை எங்களுக்கும் வந்து சொல்லணும்."

"சரிக்கா."

கீரி ஒவ்வொரு குட்டையாகப் போய் மோந்து பார்த்தது. நோய் வந்த குட்டைகளில் எல்லாம் அடியில் விஷ அரளி இலை ஊறிக் கிடந்தது. மேலிருந்தே பார்த்த நாரைகளுக்கு அது தெரிந்ததே இல்லை. கீரி ஓடோடி வந்து சொன்னது.

நாரை பதறிப்போனது. அதன் கூடு ஓர் அரளிப் புதரை ஒட்டித்தான் இருந்தது; இலைகள் கூட்டுக்குள்ளும் உதிரும். உடனே குஞ்சுகளிடம் பறந்தாக வேண்டும். கீரியோ எதிரே நிற்கிறது; பறந்தால் கூடு இருக்கும் இடம் அதற்குத் தெரிந்துவிடும்.

கீரி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"போங்கக்கா, நான் பார்க்கலை."