முடியாத மாலை

ஆண்ட்வெர்ப்பில் பூ வரைவதில் லீவனை மிஞ்ச ஆளில்லை. துலிப் கிழங்கு போன்ற அவன் மூக்கை மிஞ்சும் மூக்கும் இல்லை.

பங்குப் பாதிரியார் கேட்ட படத்தில் சுற்றிலும் பூமாலை லீவனுடையது. நடுவில் மாதாவும் குழந்தை இயேசுவும் இளம் ஓவியன் கோரிஸின் பாடு. மாதாவுக்காக கோரிஸ் எதிரில் உட்கார்ந்தவள் லீவனின் தங்கை மாய்கென்.

"அண்ணே, மாய்கெனை எனக்குக் கட்டிக் குடுங்க" என்றான் கோரிஸ்.

லீவன் அடுப்பைத் திரும்பிப் பார்த்தான். அவள் போய்விட்டால் சூப் யார் வைப்பது?

"படம் முடியட்டும்டா, பாக்கலாம்."

அதன்பிறகு படம் முடியவே இல்லை. நேரில் பார்க்காத பூவை வரைய மாட்டேன் என்றான். துலிப் பூக்கட்டும் என்றான். பூத்ததும், ரோஜா வரட்டும் என்றான். காத்திருந்த நாளெல்லாம் படம் வரைந்த பலகை கோரிஸ் வீட்டில் இருந்தது. மாய்கெனும் பகலெல்லாம் அங்கேதான் இருந்தாள். குளிர்காலம் வந்ததும் மாதாவின் தொளதொள அங்கியை அவள் வீட்டில்கூடக் கழற்றவில்லை. பிறகு தியானத்துக்கென்று கன்னியர் மடத்துக்குப் போய், ஒரு மாதம் தங்கிவிட்டாள்.

'பக்தி முற்றிவிட்டது' என்று லீவன் பூரித்துப்போனான்.

பாதிரியார் பொறுமையிழந்து ஆள்மேல் ஆள் அனுப்பிய பிறகு கோரிஸ் பலகையைத் தூக்கிவந்தான். மாதாவின் மடியில் குழந்தையைப் பார்த்த லீவன் அலறினான்.

"அடப்பாவி! இயேசுவுக்கு எதுக்குடா என் மூக்கு?"

கோரிஸ் தலையைச் சொறிந்தான். "துலிப் பூத்தப்பவே பாதிரியார் எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுட்டார். நானும் உங்களை மாதிரிதான். நேர்ல பாக்காத எதையும் வரைய மாட்டேன், மச்சான்."

லீவன் தன் மூக்கைத் தடவிப் பார்த்தான்.

"எங்கடா என் மருமகன்? இந்தக் குளிருக்கு அந்த மூக்கு தாங்காது. மூடி வைக்கச் சொல்லு!"