விட்டுப்போன முப்பத்தெட்டு பேர்

"நோய்க்கு ஏழை, பணக்காரன்னு வித்தியாசம் தெரியுமாம்மா? இதையெல்லாம் ஒரு கேள்வின்னு கேட்கிறாங்க பாரு!"

பெரிய டாக்டர் கடிதத்தை மேசைமேல் விட்டெறிந்தார். மருத்துவ இதழிலிருந்து வந்த கடிதம். ரத்த அழுத்தத்துக்கான புது மாத்திரையை அவர் நானூறு பேரிடம் சோதித்திருந்தார். குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்குப் புதியது, மீதிப் பேருக்குப் பழையது. முடிவு பிரமாதம். ஆனால் நடுவில் நின்றுபோன முப்பத்தெட்டு பேர் யார், என்ன வேலை செய்கிறவர்கள், ஏன் வரவில்லை என்று சொல்லாவிட்டால் கட்டுரையைப் போட மாட்டோம் என்று இதழ் கறாராக எழுதிவிட்டது. நாளை கடைசி நாள். கட்டுரை வந்தால்தான் டாக்டருக்கு இயக்குநர் நாற்காலி.

அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, புள்ளிவிவரம் பார்க்கும் பெண்ணை வரவழைத்திருந்தார். அறையைத் துடைக்கும் அம்மாவையும் விடவில்லை. துப்புரவு மேற்பார்வையாளருக்கு மட்டும்தான் விடுமுறை.

"நோய்க்குத் தெரியாது சார். ஆனா காலைல ஒன்பதுல இருந்து பதினொண்ணுக்குள்ள பரிசோதனைக்கு வரணும்னு வச்சோமே, வேலைக்குப் போறவங்க எப்படி வருவாங்க?" என்றாள் அந்தப் பெண்.

"மனசிருந்தா வரலாம். பொறுப்பே கிடையாது. ஃபோன் பண்ணினாலாவது எடுக்கிறாங்களா?"

"ஆளுக்குப் பன்னிரண்டு தடவை பண்ணியிருக்கு சார். எல்லாமே வேலை நேரத்துல."

"சார், காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்று மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது.

டாக்டர் குனிந்து பார்க்காமலே இரண்டு கால்களையும் தூக்கினார். அவற்றை அந்தரத்தில் வைத்தபடியே, "எழுதிக்கோ" என்றார். "'சமூகத்தின் எல்லாத் தரப்பினருக்கும் சம வாய்ப்பு வழங்கப்பட்டது. விட்டுப்போனவர்களைத் தீவிரமாகத் தேடியும் கண்டுபிடிக்க இயலவில்லை.'"

துடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தலை சுற்றியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈரக் கையை மேல வைக்காதீங்கம்மா, பேப்பரெல்லாம் நனையுது" என்றார் டாக்டர்.

அம்மா கையை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

"தேடினோம்னு எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துடறேன் சார்" என்றாள் பெண்.

"பண்ணு, பண்ணு. உன் மனசு ஏன் குறைப்படணும்!"

அவள் மேசை ஃபோனை எடுத்து, விட்டுப்போனவர்கள் பட்டியலின் முதல் எண்ணை அழுத்தினாள்.

மேசைக்கடியில் மணி அடித்தது.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த செல்ஃபோனை எடுத்து, "ஹலோ" என்றாள். அந்த ஹலோ அறையிலும் மேசை ஃபோனிலும் சேர்ந்து கேட்டது.

டாக்டரின் கால்கள் ஈரத் தரையில் தொப்பென்று விழுந்தன.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றாள் அம்மா. "துப்புரவு ஆளுங்க ஃபோனை வேலை நேரத்துல பெட்டியில வச்சுப் பூட்டணும்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க? பூட்டறவர் இன்னைக்கு லீவு!"