வரிசையை விட்டு வந்தவள்

கொட்டாஞ்சேனைக் கோயிலின் மேற்குச் சன்னல்களால் மாலை வெயில் சாய்ந்து இறங்கி, திருவருகைக்கால ஊதாத் துணி விரித்த பீடத்தில் படுகிறது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய, திரையிட்ட கூண்டின் முன் நிற்கும் வரிசையில் நேசம்தான் அடுத்த ஆள். கடைசியில் நிற்கிறாள் பக்கத்து வீட்டு மாக்ரெட். உயிர்த்த ஞாயிறுக்குப் பாட்டுப் பழகிய நாளில் வாய்த்தர்க்கப்பட்டதிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை. உள்ளே போனவர் வெளியே வருகிறார். நேசம் திரையைத் தொடுகிறாள். பிறகு கையை எடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்க வரிசையின் கடைசிக்கு நடந்து போகிறாள். “மாக்ரெட், அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சது பிழை. உம்மட்டச் சொல்லாமல் ஃபாதரிட்டச் சொல்ல மனம் வரேல்லை.” மாக்ரெட்டுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. “ஐயோ நேசம், உம்மோட எப்பிடிக் கதைக்கிறதெண்டு தெரியாமத்தான் நான் ஒவ்வொருத்தரா முன்னால விட்டுக்கொண்டு நிக்கிறன்!” இருவரின் சிரிப்பும் கூரை வரை எழும்புகிறது. முக்காடு நழுவுவதும் தெரியாமல் கைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திரையை விலக்கி ஃபாதர் எட்டிப் பார்க்கிறார். “ரெண்டு பேரும் ஆறுதலாக் கதைச்சு முடிச்சிட்டு வாங்கோ, நான் எங்கயும் போகேல்லை” என்கிறார், தானும் சிரித்தபடி.