அப்பா ஜெயிக்கக் கூடாது

"பெத்த அப்பாவை ஒரு தடவை ஜெயிக்க விட்டா இவ குறைஞ்சா போயிடுவா?"

சுவரேறும் பயிற்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த நர்ஸம்மா முணுமுணுத்தாள்.

எதிரே, மரச்சட்டத்தை விரல் நுனியால் பற்றிக்கொண்டு அப்பாவும் மகளும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் கையை விடுவது என்று ஞாயிறுதோறும் பந்தயம். மகளோ, ஏறாத சுவரில்லை, வாங்காத பரிசில்லை.

அப்பாவின் விரல்கள் நடுங்கின. நழுவி மெத்தையில் விழுந்தார்.

மறுமூச்சில் மகளும் குதித்தாள். "இந்த வாரமும் நான்தான்."

"மயிரிழையில தப்பிச்சே கழுதை. அடுத்த வாரம் பாரு." அவர் கையைத் தேய்த்தபடி ஷூ மாட்டப் போனார்.

நர்ஸம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நீ இன்னிக்குத் தொங்கின லட்சணத்துக்கு, நேத்து வந்த நானே உன்னை ஜெயிச்சிருப்பேன். இதுல அப்பாவைத் தோற்கடிச்சு என்ன கிரீடமா வைக்கப் போறாங்க?"

மகள், பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் பூசியிருந்த வெள்ளைப் பொடியைத் தட்டினாள்.

"மெதுவாக்கா, காதுல விழுந்துடும். அப்பாவுக்கு விரல் நரம்பு செத்துக்கிட்டே வருது. விரலுக்கு வேலை கொடுத்தா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்னு டாக்டர் சொன்னார். அமுக்கிப் பழகுங்கன்னு பந்து வாங்கிக் கொடுத்தேன், தூக்கி எறிஞ்சுட்டார். என்னை ஜெயிக்கணும்னு மட்டும் தினமும் வாசக்காலைப் பிடிச்சுத் தொங்கறார். ஒரு தடவை ஜெயிச்சுட்டார்னா, போதும்னு உட்கார்ந்துடுவார்."

"அப்ப நீ..."

"அவர் விழுந்தப்புறம் ஒரே ஒரு மூச்சு. அதுக்கு மேல தொங்கினா மனசு விட்டுடுவார்." அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "வாராவாரம் சீக்கிரமா விழறார்க்கா. நானும் சீக்கிரமா கையை விட வேண்டியிருக்கு."

பெஞ்சிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"ஏய், இப்பல்லாம் நீ முன்ன மாதிரி தொங்கறதில்ல. ஒழுங்கா சாப்பிடு. நோஞ்சானை ஜெயிச்சா எனக்கு என்ன பெருமை?"

ஷூ கயிறு அவர் விரலுக்குள் நிற்காமல் நழுவி நழுவிப் போனது. மகள் ஓடிப்போய், பேச்சோடு பேச்சாக, மண்டியிட்டு முடிச்சுப் போட்டுவிட்டாள்.

நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இதுவரை யாரும் தோற்க வேண்டுமென்று அவள் வேண்டிக்கொண்டதில்லை.

'ஆண்டவனே, அடுத்த வாரமும் இவர் தோற்க வரணும்.'