ஒரு ஜாடித் தண்ணீர்

லண்டன் ஓவியர் ஹோரஸ் எரிச்சலோடு தன் படங்களை உதறினார். கார்ன்வால் கடற்பாறைகளை வரைவதற்காக லவ்டே என்ற உள்ளூர்ப் பெண்மணியின் வீட்டில் தங்கியிருந்தார். நீர்வண்ணத்தில் வரைந்த கடல் ஒவ்வொன்றும், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போனது.

“கடைக்காரன் மட்டமான வர்ணத்தை என் தலையில கட்டிட்டான், லவ்டேம்மா. நாளைக்குக் குதிரை வண்டி வந்ததும் நான் கிளம்பறேன். இதையெல்லாம் அடுப்புல போடுங்க.”

“ஐயோ, எரிக்க வேணாங்கய்யா! எனக்கு ஒண்ணு குடுங்க.”

“வாசலைத் திறந்தா நிஜப் பாறையே நிக்குது, படம் எதுக்கு? சரி, இதை வச்சுக்குங்க. லண்டன்ல வரைஞ்சது, சுத்தமா இருக்கு.”

“அது வேணாங்கய்யா. இங்க வரைஞ்சதுதான் வேணும்.”

அவள் எடுத்தது இருப்பதிலேயே மோசமான படம். வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார் ஹோரஸ். கரித்தது.

“உப்பு! தூரிகை நனைக்க தினமும் ஜாடியில கடல் தண்ணியா கொண்டுவந்தீங்க? கிணறு வாசல்லயே இருக்கே!”

லவ்டே படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“எம்மவன் ஜோரி அந்தப் பாறைக்கடியிலதாங்க முழுகினான். உடம்பு கிடைக்கல, கல்லறைகூட இல்ல. அந்தத் தண்ணியில நீங்க வரைஞ்சா, கொஞ்சமாச்சும் வீட்டுக்கு வந்துடுவான்னு...”