ஆணிக்கொண்டை

போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்த காசிராஜன், காட்டுப்பன்றித் தொல்லை பொறுக்கமாட்டாமல் எழுபத்தெட்டாம் வருஷம் வீட்டைச் சுற்றித் தானே மரவேலி போட்டான். மூன்று பக்கமும் செங்குத்துப் பள்ளம்; வெளியே கால்வைக்க இடம் கிடையாது. அதனால் உள்ளே நின்றுதான் குறுக்குக்கட்டைகளை ஆணியடித்தான். ஜீப்புத் தடத்தைப் பார்த்த பக்கத்தில் போகவர வழி விட்டான்.

மறுநாள் காலை அவன் மனைவி சந்திரவல்லி துவைத்த சேலையை வேலிமேல் போட்டாள். சேலை எதிலோ மாட்டிக் கிழிந்தது.

"ஏங்க, ஆணிய எந்தப் பக்கமிருந்து அடிச்சீக?"

"உள்ள நின்னுதேன். ஏன்?"

"முனையெல்லாம் நம்ம பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கே."

காசிராஜன் கட்டைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினான். ஆணிக்கொண்டைகள் வெளிப்பக்கம் இருந்தன. வேலியை ஒரு சுற்று சுற்றி வந்தான். எல்லாக் கட்டையும் அப்படியே. போகவர விட்டிருந்த வழியைக் காணோம். அங்கேயும் கட்டைகள் அடித்திருந்தன.

"துணிமணிய எடு. வெரசா போடிக்கு எறங்கிருவோம்" என்று சொல்லிவிட்டு, கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கட்டை அசையவில்லை. மறுபடி நெம்பினான். கடப்பாரைதான் வளைந்தது.

சந்திரவல்லி அவன் தோளைத் தொட்டாள். "அங்க பாருங்க."

பள்ளத்துப் பக்கம் மஞ்சு மூடிக்கிடந்தது. அந்த மூலையில் வேலிக்கால் மெல்ல ஆடி நின்றது. பிறகு அடுத்த கால் ஆடியது. அதற்கப்புறம் அதற்கடுத்தது. வேலையை முடித்த ஆள் உறுதி பார்ப்பதுபோல, யாரோ வெளியிலிருந்து ஒவ்வொரு காலாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே, அவசரமில்லாமல் அவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.