நான்காவது பிரேக்கர்

பழைய பேருந்தை வீடாக்கிக் குடியிருந்த டிரைவருக்கு, எலக்ட்ரீஷியனான நான் நான்காவது மின் பிரேக்கரை மாட்டி முடிக்கும்போது வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

"திடீர்னு லைட்டெல்லாம் போயிடுதுப்பா. அஞ்சு நிமிஷத்துல தானா வந்துடுது" என்றார் டிரைவர்.

"விழுந்த பிரேக்கர் தானா ஏறாதேண்ணே!"

"நான்தான் ஏத்திவிடுவேன்" என்றார் அவர் மனைவி அவசரமாக.

"சீக்கிரம் முடிப்பா. காலையில வண்டிய எடுத்தாகணும். மக வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாச்சு."

சொல்லி வாய் மூடவில்லை. "பாரு, மறுபடியும் போச்சு!" என்று கைகளால் துழாவினார்.

அவர் தலைக்கு மேலே நான்கு விளக்குகளும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

"ஆமாங்க, போயிடுச்சு" என்றபடியே அவர் மனைவி ஓசைப்படாமல் பிரேக்கரை இறக்கினார். இருட்டில் என் மணிக்கட்டைப் பற்றி, காதோரம் கிசுகிசுத்தார்.

"தம்பி, இது சரியாகாம வண்டிய எடுக்கக் கூடாதுன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க."